கூரை இல்லாத காம்பராவுக்கு இரண்டு பூட்டு

வத்தேகமவிலிருந்து மலைப்பக்கம் ஏறும் கிளை வீதியில், பஸ் திரும்புகிற கடைசி இடத்துக்கும் மேலே எங்கள் கல்குவாரி இருக்கிறது. 'எங்கள்' என்று சொல்வதற்கு என்னிடம் எந்தப் பத்திரமும் கிடையாது. கம்பனி போய்விட்டது, மெஷின்கள் போய்விட்டன, வேலையாட்கள் போய்விட்டார்கள். அப்பாவும் நானும் மட்டும் போகவில்லை. அந்த வகையில் அது எங்களுடையது.

கருங்கல் வெட்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிறைந்து பச்சையாகக் கிடக்கிறது. கல் நொறுக்கும் மெஷின் இருந்த இடத்தில் நான்கு கொங்கிறீட் கால்கள் நிற்கின்றன. லொறி நிறுக்கும் அறைக்குள் முளைத்த ஆலங்கன்று மரமாகி, அடுத்த லொறி எங்கே என்று கேட்பதுபோல ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒபீஸ் கூரைத் தகரங்களை யாரோ முதலில் கழற்றிக்கொண்டு போனார்கள். அடுத்து மரச்சட்டங்கள், அதற்கடுத்து கதவு, நிலை, ஜன்னல் கம்பி. கடைசியாக வந்த ஆளுக்கு எதுவும் மிஞ்சவில்லை. சுவரில் தன் பெயரையும் ஒரு பெண்ணின் பெயரையும் எழுதிவிட்டுத் திரும்பிவிட்டான். கன்டீனில் ஒரே ஒரு சுவர் பாக்கி. அதில் 'கை கழுவிவிட்டு உட்காரவும்' என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. குழாயும் இல்லை, உட்கார இடமும் இல்லை.

வேலையாட்களுக்குக் கட்டிய ஆறு வீட்டு லயத்தில் ஐந்து வீடுகள் விழுந்துவிட்டன. ஆறாவது எங்களுடையது. விழுந்த ஐந்தாவது வீட்டின் கற்குவியல் முட்டுக்கொடுப்பதால்தான் அது நிற்கிறது என்று நான் நம்புகிறேன்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. என்னைப் படாத பாடு படுத்தியது வெடிக் காம்பராதான்.

பாறைக்கு வைக்கும் வெடிமருந்தைப் பூட்டிவைக்கிற தனி அறை அது. மற்றக் கட்டடங்களுக்கு எட்டத்தில், தடித்த சுவரும் இரும்புக் கதவுமாகக் கட்டியிருந்தார்கள். கதவில் இரண்டு பூட்டுகள். ஒன்றின் சாவி மெனேஜரிடம், மற்றது காம்பராவுக்குப் பொறுப்பான அப்பாவிடம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கலாம், அதுதான் சட்டம். உள்ளே போகிறவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றவேண்டும், தீப்பெட்டியை வெளியே வைக்கவேண்டும், புத்தகத்தில் கையெழுத்துப் போடவேண்டும். இரும்பு ஆணி அடித்த சப்பாத்து தரையில் உரசிப் பொறி பறந்தால் எல்லாரும் சேர்ந்து பறக்கவேண்டியதுதான் என்று அப்பா சொல்வார். கம்பனி முதலாளியே ஒருமுறை காலுறையோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதில் ஓட்டை இருந்தது.

யுத்த காலத்தில் ஒருநாள் கம்பனி மூடப்பட்டது. இரண்டு மழைக்காலம் கழித்து, எப்போதோ வைத்த வெடியில் அசைந்து நின்ற பாறாங்கல் ஒன்று மேலேயிருந்து உருண்டு வந்து வெடிக் காம்பராவின் பின்சுவரைத் தள்ளிவிட்டது. கூரை பாதியும் அதோடு போனது. மீதி பிறகு தானாகவே இறங்கியது. முன்பக்கம் மட்டும் ஒரு சேதமுமில்லை. இரும்புக் கதவு, இரண்டு பூட்டு, மேலே 'ஆபத்து' என்ற சிவப்புப் பலகை. பின்பக்கமாக ஒரு மாடு போய்வரலாம். ஒரு மாடு போய்வந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவருடைய சிவப்பு மாடு அது. மழை வந்தால் நேராக வெடிக் காம்பராவுக்குள் போய் மூலையில் நிற்கும்.

அப்பா அதற்கும் மரியாதையாக, "செருப்பு போடாத வரைக்கும் பரவாயில்ல" என்பார்.

அந்த வருஷம்தான் அம்மாவும் போனாள். அதிலிருந்து அப்பா கட்டிலில் படுப்பதில்லை. எங்கள் வீடு ஒரே அறை, ஒரு குசினி. கிழக்குச் சுவரோரம் என் கட்டில். மேற்குச் சுவரோரம் அம்மாவின் சேலைகள் உள்ள அலுமாரி. அப்பா அலுமாரிக்கு முன்னால் சிமெந்துத் தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வார். அந்தப் பக்கம் விளக்கைக் கொண்டுபோனால், "சேலையில மண்ணெண்ணெ பட்டுரும், தள்ளிப் போ புள்ள" என்று கத்துவார். நான் அதை முதலில் துக்கம் என்று நினைத்தேன். சில வருஷம் போனபிறகு பிடிவாதம் என்று நினைத்தேன். மார்கழியில் அந்தத் தரையில் கால் வைக்கவே முடியாது.

வத்தேகம பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் நான் வேலை செய்கிறேன். கொப்பி எடுப்பதோடு படிவம் நிரப்புவது, சிங்களக் கடிதத்தைத் தமிழில் சொல்வது, தமிழில் அழுவதைச் சிங்களத்தில் எழுதிக்கொடுப்பது எல்லாமே நான்தான். ஊரில் பாதிப் பேருக்கு நான் மின்சார விண்ணப்பம் நிரப்பியிருக்கிறேன். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. கம்பனி போனபோது வயரையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. நான் கரண்ட் பேச்சை எடுத்தால் அப்பா, "கரண்ட் எதுக்கு? பொறி பறக்கும்" என்று முடித்துவிடுவார்.

போன வருஷம் அப்பாவின் மூச்சு கெட்டுப்போனது. பள்ளத்திலிருந்து வீட்டுக்கு வர மூன்று இடத்தில் உட்கார்ந்தார். பிறகு ஐந்து இடத்தில். பிறகு பள்ளத்துக்குப் போவதை விட்டுவிட்டார். கிளினிக்கில் டொக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். அப்பாவின் நெஞ்சு முழுக்க வெள்ளையாக இருந்தது. கல்லுத் தூசி, இனி அது போகாது என்றார். ஒட்சிசன் மெஷின் ஒன்று வீட்டுக்கு இரவலாகத் தரலாம், அது இருந்தால் இருக்கிற காலத்தை மூச்சு முட்டாமல் இருக்கலாம், கரண்ட் பில்லின் கொப்பி ஒன்று மட்டும் கொண்டுவரச் சொன்னார்.

கொப்பி எடுப்பதே என் தொழில். கொப்பி எடுக்க எங்களிடம் பில்தான் இல்லை. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சிரித்தேன், பிறகு அழுதேன். தெல்தெனியாவில் அக்கா வீட்டில் கரண்ட் இருக்கிறது, அங்கே போவோம் என்றால் அப்பா தலையை ஆட்டினார்.

"சாவிய ஒப்படைக்காம எப்புடிப் போறது? ஓடிப் போயிட்டான்னு சொல்லமாட்டாங்களா?"

"யாரு சொல்லுவாங்க? அந்த மாடா?"

சாவி அவருடைய அரைஞாணில் தொங்கியது. குளிக்கும்போதும் அதைக் கழற்ற மாட்டார்.

நான் எங்களுக்கே விண்ணப்பம் நிரப்பினேன். மிக அழகாக நிரப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: வெடிபொருள் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் மின்கம்பம் நடமுடியாது, களஞ்சியம் காலி என்று உரிய உத்தியோகத்தரின் கடிதம் தேவை. நான் ஒரு படம் எடுத்துச் சேர்த்து மீண்டும் அனுப்பினேன். படத்தில் கூரை இல்லை, சுவர் இல்லை, மாடு இருந்தது. உத்தியோகத்தர் நேரில் வந்தார். நல்ல மனிதர். வெயிலில் நடந்து வந்து களைத்துப்போய், நான் கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டுக் கதவைப் பார்த்தார். பிறகு சுற்றிப் போய்ப் பின்பக்கம் பார்த்தார். மாட்டையும் பார்த்தார். மறுபடி முன்பக்கம் வந்தார்.

"கதவு பூட்டி ஈக்கே, மிஸ்."

"பின்னால செவரே இல்லையே சேர். நீங்களே பாத்தீங்கதானே."

"பாத்த. ஆனா நான் பாத்தது பின்பக்கத்தால. எங்கட போர்ம்ல, கதவத் தொறந்து பரிசோதிச்சன் எண்டுதான் ஈக்கி. தொறக்காம எப்பிடி எழுதுற?"

"அப்ப பூட்ட ஒடைங்க."

"வெடிக் களஞ்சியத்துட பூட்ட ஒடச்சா அது வேற கேஸ். ரெண்டு சாவிக்காரரையும் கூட்டிட்டு வாங்க, நான் வாறன். இல்லாட்டி ஏலா." அவர் எழுந்து, குடையை விரித்து, சற்று வெட்கத்தோடு சொன்னார்: "கோவிக்க வாணாம். எனக்கும் வெளங்குது."

அவருக்கு விளங்குகிறது என்பது எனக்கும் விளங்கியது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் எங்கள் குவாரியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியிலிருந்து வான் வரும். பச்சைத் தண்ணீருக்கு முன்னால், ஆலமரம் நீட்டும் ஜன்னலுக்குக் கீழே, கன்டீன் சுவரில் சாய்ந்து, எல்லாரும் காதலித்தார்கள். வெடிக் காம்பராவின் உள்ளே பாசி பிடித்த சுவரில் மேலேயிருந்து வெயில் விழும். அது அவர்களுக்கு மிகவும் பிடித்தது. "செட் போட்டாக்கூட இப்பிடி வராது" என்று ஒரு கமராக்காரர் என்னிடம் சொன்னார். அது விழுந்த வீட்டைப் பாராட்டுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா மட்டும் மூச்சு வாங்க வாங்கத் தடியை ஊன்றிக்கொண்டு பின்பக்க ஓட்டைக்குப் போய் நிற்பார்.

"சப்பாத்தைக் கழத்துங்க. தீப்பெட்டி, லைட்டர், போன், எல்லாம் இங்க வைங்க. இதில கையெழுத்து."

மாப்பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்பா சிரிக்கமாட்டார். கடைசியில் எல்லாரும் கழற்றுவார்கள். மணப்பெண் உயரச் சப்பாத்தைக் கழற்றியதும் மாப்பிள்ளையின் தோளுக்கு இறங்கிவிடுவாள். கமராக்காரர் தலையில் கைவைப்பார். ஒரு வருஷத்தில் புத்தகத்தில் இருபது கல்யாணம் பதிவாகியிருந்தது. வெடிமருந்து வாங்கியவர்களுடைய கையெழுத்துக்குக் கீழே, 'வந்த நோக்கம்' என்ற இடத்தில் 'கல்யாணம்' என்று அப்பா எழுதியிருந்தார்.

நான் கடைசியில் மெனேஜரைத் தேடிப் புறப்பட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. மெனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர், வேலை முடிந்தபின் கண்டியிலேயே வாவிக்கு மேலே உள்ள ஒரு மேட்டு வீதியில் குடியிருந்தார். கடைக்கு வருகிற ஒருவரிடம் விசாரித்து விலாசம் எடுத்தேன். எண்பது வயது இருக்கும். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"காம்பராக்காரரின்ர மகள்தானே? ஓம், ஓம், முகம் அப்பிடியே கிடக்குது. உள்ள வாங்கோ பிள்ளை, இருங்கோ."

கதிரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சுப் படம், மெஷின், விண்ணப்பம், இரண்டு பூட்டு. "ஐயா ஒரு நாளைக்கு வந்து கதவத் தொறந்து, காலின்னு காட்டினாப் போதும்" என்றேன்.

அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"காலி எண்டு ஆர் சொன்னது?"

"நான் சொல்றேன். நான் தெனமும் பாக்குறேன். ஒண்ணுமே இல்ல."

"பிள்ளை, உள்ளுக்கு ஒரு பெட்டி கேப்பு கிடக்குது."

கேப்பு என்பது வெடியைக் கிளப்பிவிடுகிற சிறிய குழாய். விரல் நீளம்தான். விரல்களை எடுத்துவிடும்.

"கம்பனி பூட்டேக்க மிஞ்சினது. திருப்பி அனுப்ப வேணும். அனுப்பிறதுக்குப் பெர்மிட் முடிஞ்சுது. அந்த நாளையில, சந்திக்குச் சந்தி செக்பொயின்ற். நானும் தமிழன், உங்கட அப்பாவும் தமிழன். ஒரு பெட்டி கேப்போட றோட்டில போறதே? பெர்மிட் இல்லாமக் கிடக்குதெண்டு பொலிசில போய்ச் சொல்லுறதே? அப்ப நாங்கள் ரெண்டு பேரும் வடிவாப் பூட்டிப்போட்டு, ஆரும் வரட்டும், ஒப்படைப்பம் எண்டு இருந்தம். ஒருதரும் வரேல்லை."

"ஐயா, செவரு விழுந்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. உள்ள ஒரு மாடுதான் நிக்குது. பெட்டி கிட்டி ஒண்ணுமில்ல."

அவர் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். "அப்ப பெட்டி எங்க?"

நான் அவரைப் பார்த்தேன். எனக்கு அலுமாரி ஞாபகம் வந்தது.

கண்டியிலிருந்து வத்தேகமவுக்கு பஸ் வந்துசேர்ந்ததெல்லாம் எனக்கு நினைவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, அப்பாவின் பாயைத் தாண்டி, அலுமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் அம்மாவின் கூறைச்சேலை. அதற்கடியில் இன்னொரு சேலை. அதற்கடியில் மரத்தூள் நிரப்பிய பிஸ்கட் டின். அதற்குள் பெட்டி. பெட்டியின் முத்திரை உடையாமல் இருந்தது.

அப்பா வாசலில் நின்று, "சப்பாத்தோட வந்துட்ட" என்றார்.

நான் என்ன கத்தினேன் என்று இங்கே எழுதமாட்டேன். நான் பத்தாம் வகுப்புக்குப் படித்ததும் அந்த அறையில். விளக்கு வைத்துப் படித்தேன். நுளம்புத்திரி கொளுத்தினேன். கார்த்திகை விளக்கீட்டுக்கு வரிசையாகச் சிட்டி விளக்கு வைத்தேன். பக்கத்து ஊர்களில் வீடு வீடாகச் சோதனை நடந்த காலத்தில், என் அப்பா அலுமாரியில் ஒரு பெட்டி வெடியை வைத்துக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டிருக்கிறார்.

"செவரு விழுந்திருச்சு. மருந்த வெட்டவெளியில போட்டு வக்கிறது குத்தம்" என்றார் அப்பா. "மாடு மிதிச்சிருந்தா?"

"இப்பவே கொண்டுபோய் அந்தக் காம்பராவுக்குள்ள வைங்க! இப்பவே!"

"ரெண்டு சாவி இல்லாம எப்புடி உள்ள வக்கிறது?"

"ஓட்டையால வைங்க!"

"பின்பக்கமா வக்கிறது களவு."

"எடுத்தது பின்பக்கமாத்தானே?"

"எடுத்தது பாதுகாப்புக்கு. அத எழுதியும் வச்சிருக்கேன்." புத்தகத்தைத் திறந்து காட்டினார். சுவர் விழுந்த நாளில், அழகான கையெழுத்தில்: 'சுவர் விழுந்தபடியால் பெட்டி ஒன்று பாதுகாப்பாக எனது வீட்டுக்கு மாற்றப்பட்டது.' கீழே ஒப்பம். தன்னைத்தானே சிறைக்கு அனுப்பக்கூடிய ஒரே அத்தாட்சியை இவ்வளவு சுத்தமாக எழுதிவைத்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதன்பிறகு நான் அவரோடு பேசவில்லை. நான்கு நாள் குசினியில் படுத்தேன். சோறு போட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தேன். அவர் தின்றார், மூச்சு வாங்கினார், பாயில் படுத்தார். அந்த மூச்சு சுவருக்கு இந்தப் பக்கமும் கேட்டது. கோபமும் பயமும் ஒன்றாக இருந்தால் ஆளுக்குத் தூக்கம் வராது.

கடையிலிருந்து மெனேஜர் ஐயாவுக்கு மட்டும் போன் எடுத்து, பெட்டி இருக்கிற இடத்தைச் சொன்னேன்; உத்தியோகத்தர் வருமுன் இரண்டு சாவியும் போட்டு அதை உள்ளே வைத்துவிடுவோம் என்றார். புதன்கிழமை உத்தியோகத்தர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. மெனேஜர் ஐயா காலை எட்டு மணிக்கே வாடகைக் காரில் வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட சேர்ட், கையில் காகித உறையில் சாவி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். நலமா என்று கேட்க இருவருக்கும் தோன்றவில்லை. நேராக வேலைக்குப் போனார்கள்.

இரும்புக் கதவுக்கு முன்னால் இரண்டு கிழவரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். தூறல் விழுந்தது, நான் குடை பிடித்தேன். மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி இரண்டு பூட்டையும் திறந்தார்கள். கதவு கத்திக்கொண்டு திறந்தது. உள்ளே நின்ற மாடு திரும்பிப் பார்த்தது. கதவு இருப்பதே அதற்கு அன்றுதான் தெரிந்திருக்கும். அப்பா டின்னோடு உள்ளே போய், பெட்டியை எடுத்துப் பழைய கல்தட்டில் வைத்து, புத்தகத்தில் எழுதினார். மெனேஜர் ஐயா ஒப்பமிட்டார். அப்போது மேலே இருந்த பழைய வரி அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"ஐயோ, இதை ஏன் எழுதினனீங்கள்? கிழியுங்கோ இந்தப் பக்கத்தை!"

"பக்க நம்பர் போட்டிருக்குங்க ஐயா. கிழிக்கக்கூடாது."

மாட்டை வெளியே தள்ளிவிட்டு, மீண்டும் இரண்டு பூட்டையும் போட்டு, இருவரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல எங்கள் வீட்டில் வந்து இருந்தார்கள். உத்தியோகத்தர் வந்தார். மறுபடி எல்லாரும் போய்ச் சப்பாத்தைக் கழற்றினார்கள். உத்தியோகத்தர் கூரையில்லாத வானத்தைப் பார்த்தார், தன் சப்பாத்தைப் பார்த்தார், கழற்றினார். இரண்டு சாவியும் போட்டுக் கதவு திறந்தது.

"காலிதானே," என்று சொல்லிக்கொண்டே கால் வைத்தவர், கல்தட்டைப் பார்த்தார். "இது என்ன?"

"கேப்புங்க சேர். பெட்டி ஒண்ணு. புத்தகத்தில இருக்கிறபடி சரி" என்றார் அப்பா.

இந்தக் களஞ்சியம் காலி என்று எழுதவே முடியாது என்று ஒரு வருஷமாகச் சொன்னவர், அது காலியில்லை என்றதும் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! கதவால் வெளியே வந்து, சப்பாத்தை எடுக்காமல், கன்டீன் சுவருக்கு அப்பால் போய்த்தான் நின்றார். அங்கிருந்து பொலிசுக்குப் போன் எடுத்தார். பொலிஸ் வந்து, அவர்கள் வெடி அகற்றுகிறவர்களைக் கூப்பிட்டு, எல்லாரும் எங்கள் மேட்டில் நிறைந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் சப்பாத்தோடு காம்பராவுக்குள் போனார்கள். அப்பா வாசலில் நின்று, "சப்பாத்து, சப்பாத்து" என்று மூச்சில்லாமல் சொல்லிக்கொண்டேயிருந்தார். யாரும் கேட்கவில்லை.

சார்ஜன்ட் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இருபது கல்யாணத்தைக் கடந்து, சுவர் விழுந்த நாளுக்கு வந்து, அந்த வரியில் விரலை வைத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். மெனேஜர் ஐயா தரையைப் பார்த்தார். ஊரில் எத்தனை பேருடைய கடிதத்தை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்திருக்கிறேன்.

"சுவர் விழுந்தது, பெட்டி ஒன்று பாதுகாப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்" என்றேன். மூன்று சொற்களை மட்டும் விட்டுவிட்டேன்.

சார்ஜன்ட் தலையாட்டி, பக்கத்தைப் புரட்டினார். உத்தியோகத்தரும் தான் முன்பு பின்பக்கத்தால் பார்த்ததைக் கணக்கில் எடுக்கவில்லை; அவருடைய போர்மில் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது.

அன்று மத்தியானம் பெட்டியைப் பள்ளத்தின் மறுகரைக்குக் கொண்டுபோய் அங்கேயே வெடிக்கவைப்பது என்று முடிவானது. எல்லாரையும் தூரத்துக்கு அனுப்பினார்கள். அப்பா சட்டைப்பையிலிருந்து பழைய விசிலை எடுத்தார். வெடிக்கு முன் மூன்று முறை ஊதவேண்டும், அதுவும் சட்டம். வாயில் வைத்து ஊதினார். காற்று மட்டும் வந்தது. மறுபடி ஊதினார். சத்தமே இல்லை. நான் பேச்சை நிறுத்தி ஐந்து நாள். போய் விசிலை வாங்கினேன். அவர் எச்சில் அதில் சூடாக இருந்தது. மூன்று முறை ஊதினேன், பள்ளம் முழுக்கக் கேட்டது, வெடி வெடித்தது. ஆலமரத்திலிருந்து கொக்குகள் கிளம்பின. லயத்தின் ஐந்தாவது வீட்டில் மிச்சமிருந்த மூலை அந்த அதிர்ச்சியில் கீழே வந்தது. எங்கள் வீடு நின்றது. மாடு அசையவேயில்லை.

அப்பா சாவியை அரைஞாணிலிருந்து அறுத்து உத்தியோகத்தர் கையில் கொடுத்து, ரசீது கேட்டு வாங்கினார்.

பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. கடிதம் வந்தது, கம்பம் வந்தது, முதல் பில் வந்தது. அதை நானே கொப்பி எடுத்து, கிளினிக்கில் கொடுத்தேன். மெஷினைக் கொண்டுவந்து பொருத்திய ஆள், ஒட்சிசன் இருக்கிற அறையில் நெருப்பு ஆகாது, தீப்பெட்டி ஆகாது, மண்ணெண்ணெய் ஆகாது என்று விளக்கினார். அப்பா மூக்கில் குழாயோடு, கண்ணை மூடாமல் கவனமாகக் கேட்டார். மறுநாள் எங்கள் வாசலில் 'ஆபத்து' பலகை தொங்கியது. சுகம் விசாரிக்க வந்த உத்தியோகத்தர் அதைப் பார்த்ததும் ஒரு கேள்வியும் கேட்காமல் சப்பாத்தைக் கழற்றி, லைட்டரை வெளியே வைத்து, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

அவர் போனபின், பின்னேரம், மெஷின் சத்தத்துக்கு நடுவே நான் கேட்டேன். அவ்வளவு நாளும் கேட்க வாய் வராமல் வைத்திருந்த கேள்வி.

"அப்பா, அந்தப் பெட்டி இருந்த அறையில இத்தனை வருஷம் என்னையப் படுக்க வச்சீங்களே. எனக்கு ஏதும் ஆகியிருந்தா?"

அவர் இப்போது என் கட்டிலில், தலையணை உயர்த்திப் படுத்திருந்தார். மூச்சு சீராக இருந்தது. நான் ஏதோ சட்டம் தெரியாமல் கேட்கிறேன் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"பெட்டி அந்தச் செவத்துல. நீ இந்தச் செவத்துல. நடுவுல நான்தானே புள்ள படுத்திருந்தேன்."

நான் அலுமாரிக்கு முன்னால் கிடந்த பாயைப் பார்த்தேன். அவர் முதுகு பட்டுப் பட்டு நடுப்பகுதி தேய்ந்து, தரை தெரிந்தது.